றலியா தின்ற மஞ்சள் கரு

கெலிஓயாவில் நல்ல வட்டிலப்பம் எங்கே கிடைக்கும் என்று பஸ் நிறுத்தத்தில் யாரைக் கேட்டாலும் றலியாவின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். கலியாண வீடு, பெருநாள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள் என்று கம்பளையிலிருந்து பேராதனை வரைக்கும் அவளுடைய கைப்பக்குவம் போயிருக்கிறது. முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காய். சாமான் அவ்வளவுதான். அறுபத்தொரு வயதிலும் ஒற்றைக் கையால் முட்டை உடைப்பாள். கோதில் ஒரு துணுக்குக் கூட உள்ளே விழாது. கிழமைக்கு இருநூறு முட்டையாவது அந்தக் கையில் உடையும். ஊருக்கெல்லாம் முட்டையை ஊட்டிய அதே கை, கட்டின புருஷனுக்கு ஒன்பது வருஷமாக ஒரு மஞ்சள் கருவைக் கூடக் கொடுக்கவில்லை.

கல் நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவள் அப்படிச் செய்திருக்கமாட்டாள்.

புருஷன் அரூஸ் கடைவீதியில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தவர். ருசி தெரிந்த மனிதர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் சட்டை மாற்றுவதற்கு முன்னாலேயே குசினிக்குள் எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு மட்டும் அந்த வீட்டில் ஆளுக்கொரு பீங்கான் கிடையாது. பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் சுற்றிவர அவித்த முட்டையும் வைத்து, பாயை விரித்து, அவரும் அவளும் மகள் ஷஹ்மாவும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் சஹன் சாப்பாட்டு மரியாதை. அரூஸ் இறைச்சியைத் தள்ளுவார், ஈரலைத் தள்ளுவார். முட்டையின் மஞ்சளை மட்டும் தள்ளமாட்டார். "இது என்ட" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். தாயும் மகளும் சிரிப்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள், கடையில் மின்விசிறிப் பெட்டியொன்றை மேல்தட்டில் ஏற்றும்போது மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் த்ரீவீலில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துப் பையோடு ஒரு கடதாசியும் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: சோறு, பாண், மரக்கறி, பழம், கிரீம் இல்லாத பிஸ்கட். மூன்றாவதில் தவிர்க்க வேண்டியவை: பொரித்தது, ஈரல், பட்டர். நடுக் கட்டத்தில் குறைத்துச் சாப்பிட வேண்டியவை: முட்டை மஞ்சள், தேங்காய்ப்பால், மாட்டிறைச்சி.

அந்த நடுக் கட்டத்தில்தான் றலியாவுக்குச் சிக்கல் வந்தது. பிஸ்கட் பெட்டி வாங்கினாலும் திருப்பிப் பார்த்து ஹலால் முத்திரை தேடி வளர்ந்தவள் அவள். வாய்க்குள் போகிற சாமான் ஒன்று ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. 'குறைத்து' என்றால் எவ்வளவு? ஒரு கரண்டியா, ஒரு கோப்பையா? கடதாசி சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து நடுக் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையில் இருந்த கோட்டை அழுத்தி அடித்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக்கினாள். பிறகு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

அரூஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார்.

"றலியா, நடுவில ஈக்கிறது ஹராம் இல்லியே. மக்ரூஹ்தானே?"

மார்க்கத்தில் விலக்கப்படாமல், விட்டுவிட்டால் நல்லது என்று சொல்லப்பட்டதுதான் மக்ரூஹ். மனிதர் பகிடியாகத்தான் கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு தடவைக்கி ஒன்னும் ஆகாதெண்டு செல்லிச் செல்லித்தான் எல்லாரும் மௌத்தாகிற."

மௌத்து என்று சாவைச் சொன்னதோடு பேச்சு முடிந்தது. அந்த வாக்கியம் அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது. கலியாண வீட்டில் சொன்னாள், பெருநாளில் சொன்னாள், மருமகன் வாங்கி வந்த ரோல்ஸைப் பார்த்துச் சொன்னாள். அரூஸுக்கென்று நீலக்கரை போட்ட ஒரு பீங்கான் வாங்கினாள். சஹன் தட்டு அலுமாரிக்கு மேலே ஏறியது. மற்றவர்கள் தின்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதென்று அவருக்கு முதலில் சோறு போட்டுத் தனியாக உட்கார்த்தினாள். அவர் எழுந்து போன பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மகள் கலியாணம் முடித்துத் திகனவுக்குப் போன பிறகு மற்றவர்கள் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் வழக்கம் மாறவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு மனிதரைக் காப்பாற்ற நினைத்தாள். ஆனால் வயிறு என்பது வெறும் இடமாகக் கிடக்காதே. தேங்காய்ப்பால் குழம்பான ஆணம் போன இடத்துக்குச் சோறு வந்தது. இறைச்சி போன இடத்துக்கு அவித்த உருளைக்கிழங்கு வந்தது. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சீனி போட்ட பிளேன்டீயும் கிரீம் கிறேக்கர் நாலும் வந்தன. எல்லாம் முதல் கட்டத்துச் சாமான், தாராளமாகச் சாப்பிடக்கூடியவை.

முட்டைக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. வெள்ளைக் கரு ஆகும் என்று ஷஹ்மா யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். தினமும் காலையில் இரண்டு முட்டையை அவிப்பாள் றலியா. உரித்து, பிளந்து, மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை நீலக்கரைப் பீங்கானில் வைப்பாள். முதல் நாள் அந்த இரண்டு மஞ்சள் உருண்டைகளும் உள்ளங்கையில் இருந்தன. வீசுவதா? கீழே விழுந்த ஒரு சோற்றுப் பருக்கையைக் கூடப் பொறுக்கி வாயில் போடுகிறவள் அவள். அல்லாஹ் அளந்து கொடுத்த உணவான ரிஸ்கைக் குப்பையில் போட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு கையேந்துவது? அவித்த மஞ்சளை வட்டிலப்பத்திலும் கலக்க முடியாது. புருஷனுக்கு முன்னால் வைத்துத் தின்னவும் மனம் வரவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நின்று, கொஞ்சம் உப்பைத் தொட்டு, இரண்டையும் வாயில் போட்டு விழுங்கினாள்.

முதல் மாதம் அது கடமையாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொன்னால், ருசி பட்டுப்போனது. அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம். பேரப்பிள்ளைகள் ஓடியாடித் தின்றால், "இருந்து தின்னுங்க, நிண்டுகொண்டு தின்னப்படாது" என்று அதட்டுகிற உம்மும்மா, தினமும் காலையில் கள்ளியைப் போல நின்றுகொண்டு தின்றாள். இப்படியே ஒன்பது வருஷம்.

நாலாம் வருஷம் அரூஸுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. பிளேன்டீயில் சீனியை நிறுத்தினாள், பழத்தைக் குறைத்தாள். சோறும் பாணும் பிஸ்கட்டும் அப்படியே இருந்தன. அவைதானே கடதாசியில் ஆகுமென்று எழுதியிருந்தவை. இந்த வருஷம் பங்குனியில் செருப்பு வெட்டிய காயம் ஆறாமல், இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கடை மருமகன் கைக்குப் போனது. அரூஸ் முன் அறையில் கதிரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பயங்கரம் தொடங்கியது. மனிதர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். சண்டை போடவில்லை, பீங்கானைத் தள்ளவில்லை. இரண்டு வாய் வைத்துவிட்டு, "வயிறு நிரம்பிட்டு" என்பார். சட்டைக் கழுத்து தொளதொளத்தது. புண்ணோ மூடவில்லை. இனிமேலும் மூடாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று மருந்து கட்டுகிற நர்ஸ் சொன்னாள். றலியா நடு இரவில் எழுந்து தஹஜ்ஜத் தொழுது அழுதாள். இரண்டு விரலைக் கொண்டு போனது போதாதா என்று கேட்டாள்.

ஷஹ்மாதான் இருவரையும் பேராதனைப் பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் சஞ்சீவனி என்று ஒரு பெண். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். அரூஸை உள்ளறைக்கு மருந்து கட்ட அனுப்பினாள். ஷஹ்மாவும் தகப்பனோடு போனாள். டொக்டர் றலியாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இவருக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்க? காலைல இருந்து சொல்லுங்க."

றலியா பெருமையோடுதான் தொடங்கினாள். பாண், வெள்ளைக் கரு, பிஸ்கட், சோறு, அவித்த மரக்கறி, திரும்பவும் பிஸ்கட், இரவைக்கு இடியப்பமும் தண்ணிப் பருப்பும். கிழமைக்கு ஒரு நாள் தோலுரித்து அவித்த கோழித் துண்டு. சொட்டு எண்ணெய் இல்லை, சொட்டுத் தேங்காய்ப்பால் இல்லை. சொல்லச் சொல்ல டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"எல்லாமே மாவா இருக்கேம்மா. புண்ணு ஆறணும்னா ஒடம்புக்கு ஏதாவது வேணாமா? முட்டையக் கூட முழுசாக் குடுக்கலயா? நிப்பாட்டச் சொன்னாங்களா?"

அந்தக் கடதாசி றலியாவுக்கு மனப்பாடம். "குறைக்கச் செல்லி ஈந்தது" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் 'குறைக்க' என்ற அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

டொக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "முந்தி நாங்களும் முட்ட மஞ்சளச் சொல்லி ரொம்பப் பயமுறுத்துனோம்மா. இப்ப அந்தளவுக்குச் சொல்றதில்ல. தேங்காய்ப்பாலப் பத்தி இன்னும் சண்ட முடியல, அதனால அளவா வச்சுக்கங்க. எதக் கொறைக்கணும்னு சொன்னோமே ஒழிய, கொறைச்ச எடத்துல எத வைக்கணும்னு நாங்க ஒழுங்காச் சொல்லல."

றலியா கைப்பையைத் திறந்து மடித்த கடதாசியொன்றை எடுத்தாள். போன மாதம் பள்ளிவாசலில் நடந்த மருத்துவ முகாமில் ஷஹ்மா அவளையும் இழுத்துப் போய் இரத்தம் கொடுக்க வைத்திருந்தாள். ரிப்போர்ட் வந்து மூன்று கிழமையாகியும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கள்ளத்துக்குக் கூலி அதில் எழுதியிருக்கும் என்ற பயம்.

டொக்டர் பார்த்தாள். "ஒங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கே. கொலஸ்ட்ரோலும் சீனியும் அளவாத்தான் இருக்கு."

"அவருக்குக் குடுக்காத மஞ்சளெல்லாம் நான்தான் திண்டது, டொக்டர். ஒரு நாளைக்கி ரெண்டு. ஒம்பது வருஷம்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத வச்சு ஒன்னும் முடிவு கட்டாதீங்கம்மா. ஒங்க ரத்தம் வேற, அவரு ரத்தம் வேற. நெஞ்சு மாத்திரைய அவரு ஒரு நாளும் விடக்கூடாது."

"அப்ப சீனி வருத்தம்? அது நான் குடுத்த சோத்தாலயா?"

"அவரு அப்பாவுக்கு இருந்துச்சா?"

"ஈந்தது."

"அப்ப எப்பிடியும் வந்திருக்கும். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது."

கொஞ்சம் முந்தி. அந்த இரண்டு சொல்லும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டன. டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள்: தினமும் ஒரு முழு முட்டை, மீன், பருப்பு, கீரை, சோறு பாதி, பிஸ்கட் வேண்டாம், பொரித்தது வேண்டாம், தேங்காய்ப்பால் அளவோடு.

"அளவோட எண்டா எவ்வளவு?" என்று றலியா கேட்டாள்.

டொக்டர் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக் காட்டினாள். "இதுல பாதி. ரெண்டு பேருக்கும் சேத்து, ஒரு நாளைக்கு."

இவ்வளவுதானா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் போயிருக்கும். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தக் கடதாசியை அச்சடித்தவன் மேலும் ஆத்திரம் வந்தது. காரில் வரும்போது அரூஸ் கேட்டார், "என்ன செல்லின டொக்டர்?"

"முட்ட தின்னச் செல்லினாங்க. மஞ்சளோட."

அவர் கார்க் கண்ணாடி வழியாக மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். "சின்னப் புள்ளதானே. அதுக்குத் தெரியாது" என்றார். மஞ்சள் ஆகாதென்று அவரை நம்ப வைத்தவள் றலியாதான். இப்போது அவள் விட்டாலும் அவர் விடமாட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலில் கட்டோடு அரூஸுக்குப் பள்ளிக்குப் போக முடியவில்லை; வீட்டிலேயே லுஹர் தொழுதார். றலியா அன்றைக்கு வந்த வட்டிலப்ப ஓடர் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குசினிக்குள் நின்றாள். கோப்பையில் அளந்து பாதிப் பால் பிழிந்து மீன் ஆணம் வைத்தாள். முட்டை ஒன்றை அவித்து உரித்தாள். பிளப்பதற்குக் கத்தியை எடுத்துவிட்டாள். கை தானாகப் போனது. கத்தியைக் கீழே வைத்தாள். முழு முட்டையை நீலக்கரைப் பீங்கானில் வைத்து, சோறும் மீனும் போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் சோற்றை ஒரு வாய் வைத்தார். பாலின் வாசம் பட்டதும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு முட்டையை விரலால் பிளந்தார். மஞ்சளைக் கண்டதும் அதைப் பீங்கானின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"தின்னுங்க. டொக்டர் எழுதிக் குடுத்தீக்கி."

"வாணாம் றலியா. ஒரு தடவைக்கி ஒன்னும் ஆகாதெண்டு செல்லிச் செல்லித்தான் எல்லாரும் மௌத்தாகிற."

பகிடியாகச் சொல்லவில்லை அவர். அப்படியே நம்பிச் சொன்னார். பீங்கானை மெதுவாக நகர்த்தினார். "வயிறு நிரம்பிட்டு."

றலியா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டலாம், மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கலாம். எதுவும் எடுபடாது என்று தெரிந்தது. ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நான் திண்டேன்" என்றாள். "ஒங்கட மஞ்சளெல்லாம் நான்தான் திண்டேன். ஒவ்வொரு நாளும். ஒங்களுக்குத் தெரியாம குழாயடியில நிண்டுகொண்டு திண்டேன். எனக்கி ஒன்னும் ஆகல்ல. ரிப்போர்ட்டும் நல்லமாம். ஒங்களுக்கு ஆகாதெண்டு செல்லிட்டு நான் திண்டேன். அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிக்கோங்க. தின்னுங்க."

அரூஸ் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வீட்டில கோழியுமில்ல, பூனையுமில்ல. நீயோ ஒரு பருக்கையையும் வீசமாட்டாய். அப்ப மஞ்சள் எங்க போற? ரெண்டாம் மூணாம் நாளே வெளங்கிட்டு. ஒரு நாள் தண்ணி குடிக்க வந்த நேரம் கண்டேன். திரும்பி வந்திட்டேன்."

"ஏன் கேக்கல்ல?" என்றாள்.

"நீயாவது தின்னட்டும் எண்டுதான்." அவர் விரலில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைக்கவில்லை. "எனக்கு மஞ்சள் இல்லாதது பெரிசில்ல, றலியா. ஒம்பது வருஷமா எனக்கெதிரில ஒருத்தரும் இருந்து தின்னல்லியே. நான் எழும்பிப் போனாத்தானே மத்தவங்க தின்னுற. அப்பிடி எழும்பிப் போறதுக்காகவே நான் திண்டேன். விரல் போனதோட அதுக்கும் ஏலாமப் போயிட்டு."

அவள் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். புருஷனுக்கு மருந்து போல அளந்து அளந்து வைத்த சாப்பாட்டில் அவளே ஒரு நாளும் கைவைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்த இன்னொரு முக்காலியில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த சஹன் தட்டை எடுத்தாள். ஒன்பது வருஷத் தூசி. கழுவித் துடைத்து, கொஞ்சமாகச் சோறு போட்டு, மீனும் கீரையும் ஆணமும் வைத்து, பீங்கானில் கிடந்த பிளந்த முட்டையை நடுவில் வைத்தாள். கீழே பாயில் அவரால் உட்கார முடியாது. ஆகவே சின்ன மேசையைக் கதிரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுத் தட்டை வைத்துவிட்டு, பழக்கத்தில் ஓரமாக நின்றாள்.

அரூஸ் தட்டைப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி மஞ்சளை எடுத்தார். இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மற்றப் பாதியை, கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருபோதும் செய்யாதபடி, சோற்றுக்கு மேலாக அவள் பக்கம் தள்ளினார்.

"இருந்து தின்னு" என்றார்.